பழைய பாலத்தில் ஸ்மிட் ஹாமர்: நல்ல கருவி, ஆனால் அதன் எண்ணை எதற்கு நம்புவது?

கொழும்பில் பழைய கொங்கிரீட் பாலம் ஒன்றைப் பார்க்கக் கிளம்பும் பொறியியலாளரின் பையைத் திறந்தால் அநேகமாக ஒரு ஸ்மிட் ஹாமர் இருக்கும். கொங்கிரீட்டை அடித்து அதன் பலத்தை மதிப்பிடப் பாவிக்கும் கருவி அது. ரீபவுண்ட் ஹாமர் என்றும் சொல்வோம். என்னுடையது சுவிட்சர்லாந்தின் புரோசெக் தயாரித்த ஒரிஜினல் ஸ்மிட், N வகை. இப்போது அந்தக் கொம்பனி ஸ்கிரீனிங் ஈகிள் என்ற பெயரில் இயங்குகிறது. வெள்ளவத்தை, தெஹிவளை, கிருலப்பனைப் பக்கம் கால்வாய்களுக்கு மேலால் போகும் சின்னச் சின்னப் பாலங்களுக்குக் கீழே இதைத் தூக்கிக்கொண்டு திரிவதுதான் என் வேலை.

கருவி அருமையானது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் இதை மட்டும் வைத்து எழுதப்படும் பாலப் பரிசோதனை அறிக்கைகளை வாசிக்கும்போது வயிற்றைப் பிசைகிறது. ஐம்பது, அறுபது வருடப் பாலத்தில் பத்து இடத்தில் அடித்து, ஒரு எண்ணை எடுத்து, அதைப் பலமாக மாற்றி, "நல்ல நிலையில் உள்ளது" என்று கையெழுத்துப் போட்டு விடுகிறார்கள். அந்தக் கையெழுத்தை நம்பி மேலே லொறி போகிறது, ஸ்கூல் வான் போகிறது. அதனால் இந்த விமர்சனம் ஹாமர் வாங்க நினைக்கும் தம்பி தங்கச்சிமாருக்கு மட்டும் இல்லை. அப்படி ஒரு அறிக்கையைக் கையில் வாங்கும் வளவுச் சொந்தக்காரர்கள், சங்கத் தலைவர்கள், உள்ளூராட்சி சபை உறுப்பினர்களும் வாசிக்கவேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் சாமானைப் பற்றி. உள்ளே இருப்பது ஒரு ஸ்பிரிங், ஒரு இரும்புக் குண்டு, ஒரு தண்டு. அவ்வளவுதான். தண்டின் முனையைக் கொங்கிரீட்டில் நேராக வைத்து உடம்பை மெதுவாக அழுத்தினால் ஸ்பிரிங் இழுபடும். கடைசியில் கொக்கி விட்டுக் குண்டு பாய்ந்து தண்டை அடிக்கும். அடித்த குண்டு எவ்வளவு தூரம் திரும்பி எழும்புகிறது என்பதைப் பக்கத்திலுள்ள அளவுகோலில் ஒரு சின்ன முள் காட்டும். அதுதான் ரீபவுண்ட் எண். N வகையில் அடியின் சக்தி 2.207 நியூட்டன் மீற்றர். 1940களின் கடைசியில் ஏர்ன்ஸ்ட் ஸ்மிட் என்ற சுவிஸ் பொறியியலாளர் உருவாக்கியது. அடிப்படை இன்றுவரை மாறவில்லை. மாறத் தேவையும் வரவில்லை.

பாலத்துக்குக் கீழே நிற்கும்போதுதான் இதன் அருமை விளங்கும். எடை ஒரு கிலோவுக்குக் கிட்டத்தான். பற்றரி கிடையாது, திரை கிடையாது. ஒரு கையால் தூணைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அடிக்கலாம். கால்வாய்ச் சேறு பட்டாலும் துடைத்துவிட்டு வேலையைத் தொடரலாம். அதே கொம்பனியின் சில்வர் ஸ்மிட் என்ற டிஜிட்டல் ஹாமரும் பாவித்திருக்கிறேன். அது குண்டு போகும் வேகத்தையும் திரும்பும் வேகத்தையும் அளந்து கணக்குப் போடும். அதனால் எந்தக் கோணத்தில் அடித்தாலும் திருத்தம் தேவையில்லை. எண்களைத் தானே சேமித்தும் வைக்கும். அலுவலகத்துக்கு அது வசதி. ஆனால் தண்ணீருக்கு மேலே, கட்டுமரம் மாதிரி ஆடும் பலகையில் நின்றுகொண்டு என்றால் நான் பழசைத்தான் எடுப்பேன். கைப்பட்டியை மட்டும் மணிக்கட்டில் மாட்ட மறக்கக்கூடாது.

பழசைப் பாவித்தால் கோணத்தைக் குறிக்கவேண்டும். பீமின் பக்கத்தில் கிடையாக அடித்தால் ஒரு எண். அதே கொங்கிரீட்டைக் கீழிருந்து மேல்நோக்கி அடித்தால் எண் கூடக் காட்டும், ஏனென்றால் திரும்பி வரும் குண்டைப் பூமியும் சேர்ந்து இழுக்கிறது. மேலிருந்து தளத்தை அடித்தால் குறைத்துக் காட்டும். ஹாமரின் உடம்பில் ஒட்டியிருக்கும் வரைபடத்தில் ஒவ்வொரு கோணத்துக்கும் தனித்தனிக் கோடு இருப்பது அதனால்தான். வெறும் "46" என்று குறிப்புப் புத்தகத்தில் எழுதி, எந்தத் திசையில் அடித்தது என்று எழுதாவிட்டால் அந்த எண்ணைக் குப்பையில் போடலாம்.

அடிப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. கூடவே வரும் கரடுமுரடான கல்லால் மேற்பரப்பைத் தேய்த்து, பாசியையும் சுண்ணாம்பையும் எடுக்கவேண்டும். புள்ளிக்குப் புள்ளி 25 மில்லிமீற்றர் இடைவெளி, விளிம்பிலிருந்தும் அதே தூரம். ஒரே புள்ளியில் இரண்டாம் முறை அடிக்கக்கூடாது. ஐரோப்பிய நியமமான இஎன் 12504-2 ஓர் இடத்துக்குக் குறைந்தது 9 வாசிப்புக் கேட்கிறது. அவற்றின் நடு எண்ணை எடுக்கச் சொல்கிறது. ஈரமான கொங்கிரீட் எண்ணைக் குறைத்துக் காட்டும். அதனால் மழை பெய்து விட்ட பின்னேரம் எடுத்த வாசிப்பையும் வெயில் காய்ந்த காலையில் எடுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடாதீர்கள். கொழும்பில் இது ஒரே நாளில் நடக்கும்.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

ஹாமரில் ஒட்டியிருக்கும் அந்த வரைபடத்தை எல்லோரும் பார்க்கிறோம். அது எந்தக் கொங்கிரீட்டை வைத்து வரைந்தது என்று கையேட்டைத் திறந்து பார்ப்பவர்கள் குறைவு. 14 முதல் 56 நாள் வயதான கொங்கிரீட். புதுக் கட்டடத்தில், பலகை கழற்றின பிறகு, கொங்கிரீட்டைக் கனசதுரமாக வார்த்து உடைத்துப் பார்க்கும் கியூப் பரிசோதனையோடு சேர்த்துப் பார்க்க அது அருமையாகப் பொருந்தும். ஆனால் நம்முடைய பாலம் 1960களில் வார்த்தது. இத்தனை வருடமாக அதன் தோல் காற்றைக் குடித்துக்கொண்டிருக்கிறது.

காற்றிலுள்ள காபனீரொட்சைட்டு கொங்கிரீட்டின் நுண்துளைகளுக்குள் போய், அங்குள்ள கல்சியம் ஐதரொட்சைட்டோடு சேர்ந்து கல்சியம் காபனேற்றாக மாறும். இதுதான் காபனேற்றம். அதனால் மேற்படை இறுகும். ரோஸ்ட் பாணின் கருகின தோலைத் தட்டிப் பார்த்துவிட்டு உள்ளே இருக்கும் மாவைப் பற்றிச் சொல்லமுடியாது, இதுவும் அப்படித்தான். ஹாமர் தட்டுவது அந்தத் தோலை. பழைய கொங்கிரீட்டில் இது பலத்தை 50 சதவீதம் வரைகூடக் கூட்டிக் காட்டலாம் என்பது துறையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். சீனாவின் நியமம் காபனேற்ற ஆழத்துக்கு ஏற்ப எண்ணைக் குறைக்கவே ஓர் அட்டவணை வைத்திருக்கிறது. அறிக்கை எழுதும்போது மட்டும் எப்படியோ அது மறந்து போகிறது.

ஓர் உதாரணம் சொல்கிறேன். கால்வாய்க்கு மேலால் ஒரு பண்டசாலைக்குள் லொறிகள் போகும் பாலம். கடல் நடந்து போகும் தூரத்தில். சொந்தக்காரர் கையில் ஏற்கனவே ஓர் அறிக்கை இருந்தது. யார் செய்தது என்பது இங்கே தேவையில்லை. ஹாமர் மட்டும்தான் பாவித்திருந்தார்கள். பலம் ஒரு சதுர மில்லிமீற்றருக்கு 50 நியூட்டன், குறை எதுவும் இல்லை என்று எழுதியிருந்தார்கள். "மிஸ், இது போதாதா?" என்று அவர் கேட்டார். அவருடைய கேள்வி நியாயமானது. அந்தத் தாளில் எண் இருந்தது, முத்திரை இருந்தது.

நாங்களும் முதலில் ஹாமரால்தான் அடித்தோம். நடு பீமின் பக்கத்தில் 44க்கும் 48க்கும் இடையில் வந்தது. நடு எண் 46. வரைபடத்தில் பார்த்தால் அதே ஐம்பதுதான். ஆக, முந்தியவர்கள் அளந்ததில் பிழை இல்லை. பிறகு 100 மில்லிமீற்றர் விட்டத்தில் கோர், அதாவது கொங்கிரீட்டைத் துளைத்து வெட்டியெடுக்கும் உருளைத் துண்டு, எடுத்தோம். ஆய்வுகூடத்தில் உடைத்துத் திருத்தங்கள் போட்டபின் வந்தது 34.

34 ஒன்றும் கெட்ட எண் இல்லை. அந்தக் காலத்தில் வார்த்த சின்னப் பாலத்துக்கு அது தாராளம். இங்கேதான் பலர் தவறவிடும் இடம் இருக்கிறது: ஹாமர் சொன்ன ஐம்பது சரியாகவே இருந்திருந்தாலும் அந்தப் பாலத்தின் ஆயுளைப் பற்றி அது ஒன்றும் சொல்லியிருக்காது. கொழும்பில் பழைய கொங்கிரீட் பாலம் நொந்து போவது பெரும்பாலும் கொங்கிரீட் நசுங்கி இல்லை. உள்ளே கம்பி கறள் பிடித்து.

கோர் எடுத்த ஓட்டைக்குப் பக்கத்தில் உளியால் கொஞ்சம் உடைத்து, தூசியை ஊதிவிட்டு, பினோத்தலீன் அடித்தோம். பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் எல்லோரும் பார்த்த அதே பினோத்தலீன்தான். மதுசாரத்தில் ஒரு சதவீதம் கரைத்து, பூச்செடிக்கு அடிக்கும் சின்னப் போத்தலில் ஊற்றி வைத்திருக்கிறோம். காரத்தன்மை உள்ள இடம் கடும் ஊதா இளஞ்சிவப்பாகும். காரம் போன இடம் நிறம் மாறாமல் சாம்பலாகவே நிற்கும். வெளியிலிருந்து உள்ளே 38 மில்லிமீற்றர் வரை சாம்பல். அதற்குப் பிறகுதான் நிறம் பிடித்தது. கவர் மீற்றர் ஏற்கனவே கம்பிகளை 25 முதல் 30 மில்லிமீற்றர் ஆழத்தில் காட்டியிருந்தது. என்னோடு வந்த பயிற்சி மாணவன் ரூலரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தான்.

"அக்கா, கம்பி முழுக்க சாம்பல் பக்கத்துக்குள்ள நிக்குது."

"அதைத்தான் தம்பி எழுதவேணும். போட்டோவில ரூலரும் தெரியவேணும்."

அந்த ஒரு வசனத்தில் அடங்கியிருக்கிற செய்தி முந்தைய அறிக்கை முழுவதிலும் இல்லை. புதுக் கொங்கிரீட்டின் பிஎச் 12.5 முதல் 13 வரை இருக்கும். அந்தக் காரத்தில் கம்பியைச் சுற்றி ஒரு மெல்லிய ஒட்சைட்டுப் படலம் உருவாகி அதைக் கறளிலிருந்து காக்கும். காபனேற்றம் பிஎச்சை 9க்குக் கீழே இறக்கிவிடும், படலம் போய்விடும். பிறகு ஈரமும் ஒட்சிசனும் கிடைத்தால் கறள் தொடங்கும். கறள் எடுக்கும் இடம் மூல இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு அதிகம். கொங்கிரீட் உள்ளிருந்து வெடிக்கும். நாம் கீழே நின்று பார்க்கும் கபிலக் கறையும், கம்பியோடு நேராக ஓடும் வெடிப்பும், கழன்று விழுந்த துண்டும் எல்லாம் அதன் பிறகு வருபவை.

அதே பாலத்தின் கடல் பக்கத்து விளிம்பு பீம் இன்னொரு பாடம். அதன் உள்முகம் மழை படாத இடம். அங்கே காபனேற்றம் ஆழமாக இருந்தது. வெளிமுகத்தில் மழை நேராக அடிக்கிறது, துளைகளில் தண்ணீர் நிற்பதால் காற்று உள்ளே போவது குறைவு, ஆழமும் குறைவு. பார்த்தால் வெளிமுகம் தப்பிவிட்டது என்று தோன்றும். ஆனால் மே மாதம் தொடக்கம் தென்மேல் பருவக்காற்று கடல் உப்பைக் கொண்டு வந்து அறைவது அந்த முகத்தில்தான். துளைபோட்டு, ஆழத்துக்கு ஆழம் தூளைச் சேர்த்து, குளோரைட்டுப் பார்க்க அனுப்பினோம். சீமெந்தின் எடையில் 0.4 சதவீதம் என்பது எச்சரிக்கைக் கோடாகப் பொதுவாக எடுத்துக்கொள்ளும் அளவு. கம்பி இருக்கும் ஆழத்திலேயே அதைத் தாண்டியிருந்தது. ஒரே பீம், இரண்டு முகம், இரண்டு நோய். ஹாமர் எண்கள்? உள்முகத்துக்கும் வெளிமுகத்துக்கும் இரண்டு, மூன்று வித்தியாசம். அவ்வளவுதான் அதனால் சொல்ல முடிந்தது.

இப்படிச் சொல்வதால் ஹாமரைத் தூக்கி எறியச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். அதே பாலத்தில்தான் அது தன் முழுத் திறமையையும் காட்டியது. பீம்களில் கட்டம் போட்டு, வரிசையாக அடித்துக்கொண்டு போனோம். எங்கும் 44க்கும் 48க்கும் இடையில். கரைப் பக்கத்து ஆதாரத்துக்குக் கிட்ட ஒரு பீமின் முனையில் மட்டும் திடீரென்று 31, 29, 33. மேலே பார்வைக்கு அழகான வழுவழுப்பான முகம். மேசன் பாஸ் ஒருவர் எங்களுக்கு உதவிக்கு வந்திருந்தார், நாற்பது வருடம் கொங்கிரீட் போட்டவர். சாதாரணச் சுத்தியலால் தட்டினார். மற்ற இடங்களில் கணீரென்று கேட்டது, அந்த இடத்தில் மட்டும் பொத்தல் சத்தம். "மிஸ், இதுக்குள்ள கல்லு மட்டும்தான் இருக்கு" என்றார். மெதுவாகக் கொத்திப் பார்த்தால் மேலே ஒரு படை சாந்து. உள்ளே தேன்கூடாகிப் போன கொங்கிரீட். அந்தக் காலத்தில் வார்க்கும்போது அதிர்வு போதாமல் சாந்து இறங்காத இடத்தை யாரோ பூசி மூடியிருக்கிறார்கள். பீம் பாரத்தை ஆதாரத்துக்குக் கொடுக்கும் முனை அது. அந்த இடத்தைப் பார்வை மட்டும் கண்டுபிடித்திருக்காது.

இதுதான் ஹாமரின் வேலை. ஓர் இடத்தை இன்னோர் இடத்தோடு ஒப்பிடுவது. எங்கே கோர் எடுக்கவேண்டும், எங்கே உடைத்துப் பார்க்கவேண்டும் என்று வழிகாட்டுவது. கோர் எடுப்பது செலவு, பாலத்துக்கும் காயம். அதனால் எடுக்கும் இரண்டு மூன்றையும் சரியான இடத்தில் எடுக்கவேண்டும். அந்தக் கோர்களின் எண்ணோடு அதே இடத்து ஹாமர் எண்ணைச் சேர்த்து அந்தப் பாலத்துக்கென்று சொந்தமாக ஒரு கோடு வரைந்தால், மீதி இடங்களின் பலத்தையும் ஓரளவுக்கு மதிப்பிடலாம். இஎன் 13791 நியமமும் அந்த வழியைத்தான் காட்டுகிறது. ஒட்டியிருக்கும் வரைபடத்திலிருந்து நேராக எடுப்பது வேறு, இது வேறு.

பையில் ஹாமரோடு வேறென்ன இருக்கவேண்டும் என்று கேட்பவர்களுக்கு: காசு குறைவென்றால் ஹாமரை இரண்டாவதாக வாங்குங்கள். முதலில் பழைய சோனகத் தெருவில் ஒரு நல்ல சுத்தியல், ஒரு உளி, ஒரு பலமான டோர்ச், வெடிப்பு அகலம் அளக்கும் ஒரு அட்டை, அப்புறம் அந்தப் பினோத்தலீன் போத்தல். இவ்வளவும் சேர்த்து ஹாமர் விலையின் ஒரு மூலைக்கும் வராது. இவற்றோடு இரண்டு கண்ணும் பொறுமையும் இருந்தால் பரிசோதனையின் பெரும்பகுதி முடிந்துவிடும். விரிவு மூட்டிலிருந்து தண்ணீர் எங்கே வடிகிறது, ஆதாரத்துக்கு மேல் எவ்வளவு குப்பையும் மண்ணும் சேர்ந்திருக்கிறது, வடிகால் குழாய் பீமின் மேலேயே துப்புகிறதா என்று பார்ப்பதற்குக் கருவியே வேண்டாம். காபனேற்ற ஆழம் பொதுவாகக் காலத்தின் வர்க்கமூலத்தோடு கூடுவது என்பதால், இன்றைய ஆழமும் பாலத்தின் வயதும் தெரிந்தால் கம்பியைத் தொட இன்னும் எவ்வளவு காலம் என்று ஒரு மதிப்புக்கும் வரலாம். 16 வருடத்தில் 10 மில்லிமீற்றர் போயிருந்தால், 20 மில்லிமீற்றர் போக 64 வருடம். அதனால்தான் சின்ன வயதிலேயே ஒரு முறை அளந்து வைப்பது அவ்வளவு பெறுமதியானது.

அடுத்து வாங்கவேண்டியது கவர் மீற்றர். கம்பி எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று தெரியாமல் பினோத்தலீனில் வரும் எண்ணுக்கு அர்த்தம் இல்லை.

அதற்கும் மேலே போனால் ஹாவ் செல். இதைப் பற்றிக் கொஞ்சம் கூடச் சொல்ல ஆசை, ஏனென்றால் கறளை அது வெளியே தெரிய முன்பே மணந்து பிடிக்கும். கம்பியின் ஓர் இடத்தைத் திறந்து வயரை இணைத்து, மறுபக்கம் செம்பு, செப்புச் சல்பேற்றுக் குழாயை ஈரமான கொங்கிரீட்டின் மேல் வைத்து, மில்லிவோல்ட்டை வாசிப்போம். அமெரிக்க நியமம் ஏஎஸ்டிஎம் சி 876இன் பழக்கப்பட்ட கணக்குப்படி மறை 350ஐவிடக் கீழே போனால் கறள் நடப்பதற்கு 90 சதவீதத்துக்கு மேல் சாத்தியம். மறை 200க்கு மேலே நின்றால் நடக்காமலிருக்க அதே சாத்தியம். நடுவில் வந்தால் நிச்சயமில்லை. பண்டசாலைப் பாலத்தின் கடல் பக்க பீமில் மறை 380ஐத் தொட்டது. ஆனால் இதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாது. தண்ணீருக்குள் மூழ்கியே கிடக்கும் தூண் பகுதியில் ஒட்சிசன் குறைவதால் எண் இன்னும் கீழே இறங்கும். அங்கே கறள் பெரிதாக நடக்காமலும் இருக்கலாம். காய்ந்துபோன காபனேற்றக் கொங்கிரீட்டில் அதற்கு எதிர்மாறாகவும் ஏமாற்றும். தனி எண்ணைவிட, ஓர் இடத்துக்கும் பக்கத்து இடத்துக்கும் இடையில் எவ்வளவு சடுதியாக இறங்குகிறது என்பதைப் படமாக வரைந்து பார்ப்பதுதான் பயன்.

இன்னொரு பாலம் வகை இருக்கிறது, அதில் ஹாமரைக் கையிலெடுக்கும் முன்பே யோசிக்கவேண்டும். பிரீஸ்ட்ரெஸ் செய்த, அதாவது உருக்கு வடங்களை இழுத்துக் கொங்கிரீட்டை முன்கூட்டியே இறுக்கிய பீம்கள், விசேடமாகக் குழாய்க்குள் கம்பிவடம் இழுத்துச் சாந்து நிரப்பியவை. அவற்றின் உயிர் அந்த வடங்களில். வேல்ஸில் 1953இல் கட்டிய இனிஸ் இ குவாஸ் பாலம் 1985 டிசம்பரில் முன்னறிவிப்பே இல்லாமல் விழுந்தது. துண்டங்களை இணைத்த மூட்டுகளில் வடங்கள் உள்ளே அரித்துப் போயிருந்தன. வெளியில் ஓர் அடையாளமும் இல்லை. 2018 ஓகஸ்ட் 14இல் ஜெனோவாவில் மொராண்டி பாலம் விழுந்து 43 பேர் செத்தார்கள். அங்கேயும் இழுவைக் கம்பிகள் கொங்கிரீட் உறைக்குள் மறைந்திருந்தன. 2024 செப்டம்பரில் டிரெஸ்டனில் கரோலா பாலத்தின் ஒரு பகுதி இரவில் எல்பே ஆற்றுக்குள் போனதும் உள்ளே வடங்கள் வெடித்ததால்தான். இந்த மூன்றிலும் கொங்கிரீட்டின் தோலை ஹாமரால் அடித்திருந்தால் நல்ல எண்ணே வந்திருக்கும் என்பது என் கருத்து. பிரீஸ்ட்ரெஸ் பாலத்துக்கு ஹாமர் அறிக்கை மட்டும் கொடுப்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். பழைய வரைபடம் தேடி, குழாயைத் திறந்து, உள்ளே பார்க்கத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். அத்திவாரத்தைத் தண்ணீர் அரிப்பதும் அப்படித்தான். வெள்ளம் வடிந்தபின் தூணடியில் இறங்கித் தடியால் குத்திப் பார்ப்பதற்கு எந்த ஹாமரும் பதிலாகாது.

வாங்குவதைப் பற்றி. சந்தையில் சீனத் தயாரிப்புகள் சுவிஸ் ஹாமரின் விலையில் ஒரு சிறு பங்குக்குக் கிடைக்கின்றன. மாணவர்களுக்குப் பழக அது போதும். வேலைக்கென்றால் நான் ஒரிஜினலைத்தான் சொல்வேன். ஸ்பிரிங் நீண்ட காலம் எண் மாறாமல் நிற்கிறது, உதிரிப்பாகம் கிடைக்கிறது. ஆனால் பெட்டியோடு அன்வில் வராது, அதைத் தனியாக வாங்கவேண்டும். சுமார் 16 கிலோ எடையுள்ள உருக்குக் கட்டை அது. N வகை ஹாமர் அதில் 80 காட்டவேண்டும், இரண்டு கூடலாம் அல்லது குறையலாம். வேலைக்கு முன்னும் பின்னும் அதில் அடித்துப் பார்க்கச் சொல்கிறது நியமம். விலையைப் பார்த்துப் பலர் அன்விலை விட்டுவிடுகிறார்கள். அன்வில் இல்லாத ஹாமரை நான் வாங்கமாட்டேன், இரவலும் எடுக்கமாட்டேன். ஸ்பிரிங் களைத்துப் போனது கையில் தெரியாது, அன்வில்தான் சொல்லும். கொழும்பு ஈரக்காற்றுக்கு ஹாமரைப் பெட்டிக்குள் சிலிக்கா பையோடு வையுங்கள். தண்டு அழுக்குப் பிடித்தால் கழற்றித் துடையுங்கள். உள்ளே குண்டு ஓடும் கம்பியில் எண்ணெயை அளவுக்கு மேல் பூசவேண்டாம், அதில் தூசி ஒட்டி எண் குறையும்.

மதிப்பெண் கேட்டால், புதுக் கொங்கிரீட்டுக்கு ஐந்துக்கு ஐந்து. பழைய பாலத்தில் இடத்துக்கு இடம் ஒப்பிட நாலரை. பழைய பாலத்தின் பலத்தைச் சொல்ல ஒன்று. அதுவும் கோர் கூட இருந்தால்தான். பாலம் இன்னும் எத்தனை வருடம் நிற்கும் என்று சொல்லப் பூச்சியம்.

அறிக்கையைக் கையில் வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பாலத்தின் அறிக்கையில் ரீபவுண்ட் எண் மட்டும் இருந்தால் காசு கொடுக்குமுன் அவர்களிடம் கேளுங்கள்: கம்பிக்கு மேலே கொங்கிரீட் எத்தனை மில்லிமீற்றர், காபனேற்றம் எத்தனை மில்லிமீற்றர் போயிருக்கிறது, கடல் பக்கமென்றால் கம்பி ஆழத்தில் குளோரைட்டு எவ்வளவு, கோர் எங்கே எடுத்தீர்கள், எந்த இடத்தில் ஏன். இவற்றுக்குப் பதில் சொல்ல அவர்கள் திரும்பி வந்து பாலத்துக்குக் கீழே இறங்கவேண்டியிருந்தால் இறங்கட்டும். பண்டசாலைச் சொந்தக்காரர் கேட்டார். இப்போது அந்தப் பாலத்தில் பாரமான லொறிகளை விடுவதில்லை. தேன்கூட்டு முனைக்குக் கீழே தற்காலிகமாக இரும்புத் தாங்கி போட்டிருக்கிறது, கடல் பக்க பீமில் உப்பேறிய கொங்கிரீட்டைக் கம்பிக்குப் பின்னால்வரை வெட்டியெடுத்துத் திருத்தும் வேலை நடக்கிறது.